மாஸ்டர் கையில் கொப்புளம், கல்லில் நிற்க விடலாமா?
பரோட்டா மாஸ்டர் கையில் எண்ணெய் தெறித்துப் புண்ணாகிவிட்டது, கட்டுப் போட்டுக்கொண்டு நாளைக்கே வருகிறேன் என்கிறார், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடாதீர்கள். உணவுப் பாதுகாப்பு விதிகளின் நான்காம் அட்டவணைப்படி திறந்த புண் உள்ளவர் உணவைத் தொடக் கூடாது. மாவை அடித்து வீசுகிற கையில் கட்டு எவ்வளவு நேரம் நிற்கும்? மாவுக்குள் பஞ்சு கிடந்தால் அதிகாரி வரவே வேண்டாம், வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வார். டாக்டர் ஓய்வு எழுதினால் வீட்டில் இருக்கட்டும். வேலை செய்யலாம் என்றால் ஆறும்வரை பில் போடட்டும்.

14 பேர் வேலை செய்கிறார்கள் என்கிறீர்கள். 10 பேர் இருந்தாலே இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குத்தான் அது. மாஸ்டர் சம்பளம் தாண்டியிருக்கலாம், பாருங்கள். பதிவில் இருந்தால் விபத்து அறிக்கையை உடனே போடுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு, ஓய்வு நாள்களில் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும்.

அப்புறம், பேஸ்ட் தடவினோம் என்று எழுதியிருந்தீர்களே, அது வேண்டவே வேண்டாம். சுட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்ட வேண்டும். ஐஸும் கூடாது. கொப்புளத்தை யாரும் உடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.