நுகர்வோர் கேள்வி-பதில்: கேமிங் ஹெட்செட்டும் வாய்ஸ் சாட்டும்

கேள்வி: கேம் ஆடும்போது நண்பர்களோடு பேசும் டிஸ்கார்ட் செயலியில் என் குரல் கரகரவென்று கேட்கிறதாம். அதன் நைட்ரோ சந்தா கட்டினால் சரியாகுமா?
– வாசகர், சேலம்

பதில்: ஆகாது. நைட்ரோ தருவது வீடியோ தரமும் பெரிய ஃபைல் அனுப்பும் வசதியும். பேச்சுக்கு வாய்ஸ் சானலின் வழக்கமான 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) ஒலித்தரமே தாராளம். மைக், வயர், நெட் மூன்றையும் பாருங்கள். பணம் உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: என்னுடையது 1,500 ரூபாய் ஹெட்செட். நான் பேசினால் சீலிங் ஃபேன் சத்தம்தான் அதிகம் கேட்கிறது என்கிறார்கள் நண்பர்கள். 6,000 ரூபாயில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வராது, நிறுத்தவும் தேவையில்லை. முதலில் மைக்கை வாய்க்கு நேரெதிரே வைக்காமல் உதட்டோரத்தில், இரண்டு விரல் இடைவெளியில் வையுங்கள். நேரெதிரே இருந்தால் மூச்சு வந்து மோதும். தூரத்தில் இருந்தால் உங்கள் குரலும் ஃபேனும் ஒரே அளவில் போகும்.

அப்புறம் டிஸ்கார்ட் செட்டிங்ஸில் 'வாய்ஸ் அண்ட் வீடியோ' பகுதிக்குப் போங்கள். இன்புட் டிவைஸ் 'டிஃபால்ட்' என்று இருந்தால், அதை மாற்றி ஹெட்செட்டின் பெயரையே தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் பல நேரம் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்தான் ஓடிக்கொண்டிருக்கும். பழி ஹெட்செட்டுக்கு வரும். பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் சப்ரஷனில் 'கிரிஸ்ப்' வையுங்கள், கம்ப்யூட்டரில் அதற்குக் காசு கிடையாது. எவ்வளவு சத்தம் வந்தால் மைக் திறக்க வேண்டும் என்பதுதான் இன்புட் சென்சிட்டிவிட்டி, அதைத் தானாக முடிவு செய்ய விடாதீர்கள். நீங்கள் பேசாமல் இருக்கும்போது ஃபேன் சத்தத்துக்குப் பட்டை எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, கோட்டை அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அதுவும் போதவில்லையென்றால் புஷ் டு டாக் இருக்கிறது: பட்டனை அழுத்தினால்தான் குரல் போகும். மவுஸின் பக்கவாட்டுப் பட்டன்தான் அதற்குச் சரி, கீபோர்டில் விரல்களுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. அதே பக்கத்தில் உள்ள மைக் டெஸ்டில் உங்கள் குரலை நீங்களே கேட்டுவிடலாம். ஒரு வாரம் ஆடிப் பார்த்தும் நண்பர்கள் குறை சொன்னால் எழுதுங்கள், அந்த 6,000 பற்றி அப்போது பேசுவோம்.

கேள்வி: ஹெட்செட் வாங்கி டெஸ்க்டாப்பில் செருகினேன். சத்தம் கேட்கிறது, மைக் வேலை செய்யவில்லை. மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் அப்படியே. ஒரு ஸ்டார் போட்டுவிட்டேன். வழக்குப் போடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: எதற்கு வழக்கு? பின்னை எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால், கேட்கும் சத்தமும் பேசும் குரலும் ஒரே பின்னில் போகின்றன. போனுக்கும் லேப்டாப்புக்கும் ஏற்றது அது. உங்கள் டெஸ்க்டாப்பில் சத்தத்துக்குப் பச்சை ஒன்று, மைக்குக்கு இளஞ்சிவப்பு ஒன்று என்று இரண்டு துளை. பச்சையில் மட்டும் செருகினால் மைக் எப்படி வேலை செய்யும்? இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் 200 ரூபாய்க்குள் கிடைக்கும். சிலர் பெட்டியிலேயே போட்டுத் தருகிறார்கள்; பெட்டியை முழுக்கப் பார்த்தீர்களா? பின் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் வாங்கி, நல்ல பொருளைத் திருப்பி அனுப்பி, மதிப்பீட்டையும் கெடுத்திருக்கிறீர்கள். அந்த ஒரு ஸ்டாரை இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நண்பன் பேச ஆரம்பித்ததும் கேமின் சத்தம் தானாகக் குறைந்துவிடுகிறது. ஹெட்செட் கோளாறா?
– வாசகி, கோவை

பதில்: இல்லை, விண்டோஸ் செய்யும் வேலை. பழைய கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், அதில் கம்யூனிகேஷன்ஸ். மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறை என்று இருக்கும். 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள். டிஸ்கார்டிலேயே இதே வேலையைச் செய்யும் 'அட்டென்யுவேஷன்' என்று ஒன்று இருக்கிறது, அதையும் பூஜ்யமாக்குங்கள்.

கேள்வி: 4,500 ரூபாய்க்கு ப்ளூடூத் கேமிங் ஹெட்செட் வாங்கினேன். பாட்டு அருமை. லேப்டாப்பில் வாய்ஸ் சாட்டில் சேர்ந்ததும் எல்லாச் சத்தமும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?
– ஐடி ஊழியர், சென்னை

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இதைப் பற்றி வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன், இன்னொரு முறை கத்துகிறேன். வழக்கமான ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பாட்டு கேட்க: ஸ்டீரியோ, நல்ல தரம், ஆனால் மைக் கிடையாது. மற்றது போன் பேச: மைக் உண்டு, ஆனால் கேட்கும் சத்தமும் மோனோவாக, அதாவது இரண்டு காதிலும் ஒரே சத்தமாகச் சுருங்கி, சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கு) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சாதாரண சிடி பாட்டே 44.1 கிலோஹெர்ட்ஸ். வாய்ஸ் சாட் உங்கள் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்த நொடியில் விண்டோஸ் இரண்டாம் வழிக்குத் தாவுகிறது. எதிரியின் காலடி இடதா வலதா என்று தெரியாமல் போவது அதனால்தான்.

இது தயாரிப்பாளருக்குத் தெரியும், விற்பவருக்கும் தெரியும். ஆனாலும் பெட்டியில் 'கேமிங்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், மைக் படமும் போடுகிறார்கள், இந்த ஒரு வரியை மட்டும் போடுவதில்லை. 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்ற சொல்லிலும் இதே கதை. ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) என்றால் உங்கள் காதுக்கு வெளிச்சத்தம் குறைவாக வரும். உங்கள் மைக்கில் போகும் சத்தத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. மைக்குக்கு உரியது ஈஎன்சி (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்). இரண்டையும் குழப்பி விற்கிறார்கள், வாங்குகிறவர் ஏமாறுகிறார். பெட்டி மேல் அச்சடிக்க இடம் இல்லாமலா போய்விட்டது?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: அவுட்புட்டை ஹெட்செட்டிலேயே விடுங்கள், இன்புட்டை மட்டும் லேப்டாப் மைக்குக்கு மாற்றுங்கள். சத்தம் உடனே திரும்பிவிடும். அடுத்த முறை வயர்லெஸ் வேண்டுமென்றால், ப்ளூடூத்தை விட்டு, யுஎஸ்பி டாங்கிளோடு (கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரிசீவர்) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டாகப் பாருங்கள்.

கேள்வி: மகன் கேட்டான் என்று ஆன்லைனில் ஸ்டாண்டோடு கண்டென்சர் மைக் வாங்கினேன், 2,400 ரூபாய். 'நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகலாம்' என்று போட்டிருந்தார்கள். குரல் கிசுகிசுவென்றுதான் கேட்கிறது. கேட்டால், தனியாக பவர் சப்ளை வாங்குங்கள், பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கியது.
– அம்மா ஒருவர், தஞ்சாவூர்

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது, அம்மா. 2020 ஊரடங்கில் நானும் இதே மாதிரி ஒன்றை வாங்கினேன். முழு அளவில் வேலை செய்ய அதற்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் (மைக் வயர் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. கம்ப்யூட்டரின் மைக் துளை தருவது சில வோல்ட்தான். நான் சண்டை போடாமல் விட்டுவிட்டேன், அந்தப் பணம் போனதுதான். நீங்கள் விடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. 'நேரடியாகச் செருகலாம்' என்ற அந்தப் பக்கத்தை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். பில், அவர்கள் மறுத்து எழுதிய பதில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள்: 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அப்படியும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூரிலேயே தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. கடிதம் எழுதத் தடுமாற்றமாக இருந்தால் விவரங்களை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: 7.1 சரவுண்ட் ஹெட்செட் வாங்கினால் நான் பேசுவது நண்பர்களுக்குத் தெளிவாகக் கேட்குமா?
– பள்ளி மாணவர், நெல்லை

பதில்: கேட்காது. 7.1 என்பது எல்லாப் பக்கமிருந்தும் சத்தம் வருவது போலக் கேட்கவைக்கும் ஏற்பாடு, அது உங்கள் காதில் விழும் சத்தத்துக்கு. மைக் எப்படி என்று விசாரித்து வாங்குங்கள்.