யு.கே.ஜி. பிள்ளைகளிடம் ஒரு லைன்மேன் என்ன பேசலாம்?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கிறேன். மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். பெற்றோர் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் நாள் ஒன்றை அவள் பள்ளியில் நடத்துகிறார்கள். எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்களில் டாக்டர் இருக்கிறார், பேங்க் மேனேஜர் இருக்கிறார். ஆங்கிலமும் எனக்குச் சரளமாக வராது. என்ன பேசுவது, என்ன கொண்டுபோவது?"

முதலில் ஆங்கிலக் கவலையை விடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழில்தான் கதை கேட்பார்கள், கேள்வி கேட்பார்கள். மகளிடம் பேசுவது போலவே பேசுங்கள். டாக்டர் உசத்தி, லைன்மேன் தாழ்த்தி என்ற கணக்கும் அந்த வயதில் கிடையாது. மின்கம்பத்தில் ஏறுகிற ஒருவர் வகுப்புக்குள் வந்து நிற்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். சீருடையிலேயே போங்கள்.

22 வருடம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் இருந்தவள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த வயதுப் பிள்ளை காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். பார்த்ததை அன்று சாயங்காலமே வீட்டில் செய்தும் பார்க்கும். உங்கள் வேலை மின்சாரத்தோடு என்பதால் இது இன்னும் முக்கியம். எதைச் செய்துகாட்டலாம் என்று யோசிக்கும்போது, இதைப் பிள்ளை வீட்டில் தனியாகச் செய்தால் ஆபத்து உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் டெஸ்டரைக் கொண்டுபோகவே வேண்டாம். அதை பிளக் பாயின்ட்டில் வைத்து விளக்கு எரிவதைக் காட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் அன்று இரவே யாராவது ஒரு பிள்ளை ஒரு கம்பியோ ஆணியோ எடுத்து அதே ஓட்டையில் விட்டுப் பார்க்கும். நம் வீட்டு லைன் 230 வோல்ட். கட்டிங் பிளேயர், ஏணி இரண்டும் வேண்டாம். நாற்காலி மேல் ஏறிக்காட்டுவதும் வேண்டாம். "பிளக்ல விரலை விடாதே" என்று சொல்லும்போதுகூட, பிளக்கும் விரலும்தான் மனதில் நிற்கும், 'விடாதே' நிற்காது. "பிளக் பாயின்ட் பெரியவங்க தொடுற இடம். ஏதாவது மாட்டணும்னா அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடணும்" என்று, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்.

சரி, எதைக் காட்டலாம்? உங்கள் வேலையிலேயே இரண்டு அருமையான விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, ரப்பர் கையுறை. அதன் வாய்ப்பக்கத்தைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று வேலைக்கு முன் பார்ப்பீர்கள் அல்லவா? அதை அப்படியே வகுப்பில் செய்யுங்கள். சுருட்டச் சுருட்ட ஐந்து விரல்களும் பலூன் மாதிரி உப்பி எழும்பும்போது பிள்ளைகளின் கண்ணைப் பாருங்கள். பிறகு கையுறையை ஒவ்வொரு பிள்ளையின் காதருகிலும் பிடித்து, "உஸ்ஸுனு காத்து போற சத்தம் கேட்குதா?" என்று கேளுங்கள். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். "ஓட்டை இல்ல. அதனால இதைப் போட்டுக்கலாம். சின்ன ஓட்டை இருந்தாலும் போட மாட்டேன்." பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லாமலே அது புரிந்துவிடும். போட்டுப் பார்க்கக் கொடுப்பதற்கு மட்டும் கழித்துவைத்த பழைய ஜோடியை எடுத்துப் போங்கள். சின்ன நகம் பட்டாலும், நீங்கள் உயிரை நம்பிக் கொடுக்கிற கையுறை பழுதாகலாம்.

இன்னொன்று, லைன் கிளியர்: கம்பியில் கைவைக்கும் முன் அதில் கரண்டை நிறுத்தியாச்சா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது. பதினோராயிரம் வோல்ட், சப்ஸ்டேஷன் என்றெல்லாம் விளக்காதீர்கள். விளையாட்டாக்கிவிடுங்கள். "நீங்க எல்லாரும் கரண்ட் அனுப்புற ஆபீஸ். நான் கம்பத்துக்கிட்ட நிக்கிறேன். போன் பண்ணுவேன்" என்று சொல்லி, கையைக் காதில் வைத்து, "ஹலோ, கரண்டை நிறுத்தியாச்சா?" என்று கேளுங்கள். அவர்கள் "நிறுத்தியாச்சு!" என்று கத்த வேண்டும். ஒருமுறை, "இன்னும் நிறுத்தலை" என்று சொல்லச் சொல்லுங்கள். உடனே இரண்டடி பின்வாங்கி, கை கட்டிக் காத்திருங்கள். அதை மறுபடி மறுபடி கேட்பார்கள், சலிக்காமல் செய்யுங்கள். இதை வீட்டில் எத்தனை முறை விளையாடினாலும் ஆபத்தில்லை.

அப்புறம் ஹெல்மெட்டை எல்லாரும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். பையன்களை மட்டும் கூப்பிடாமல் பெண் பிள்ளைகளையும் சேர்த்தே கூப்பிடுங்கள். தெலங்கானாவில் பெண்கள் கம்பம் ஏறும் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

2018 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்து, உங்கள் டெல்டா பக்கமெல்லாம் லைன்மேன்கள் இரவு பகலாக நின்றார்கள். அந்தக் கதையை ஆசிரியர்களிடம் சொல்லுங்கள், நெகிழ்ந்து கேட்பார்கள். பிள்ளைகளுக்கு வேண்டாம். "மழை பெஞ்சுது, வீடெல்லாம் இருட்டு, மரம் கம்பி மேல விழுந்திருந்துச்சு, நாங்க போய் சரி பண்ணோம், ஃபேன் சுத்த ஆரம்பிச்சுது" என்ற அளவு போதும். அறையை இருட்டாக்கியும் காட்டாதீர்கள். ஒருமுறை என் வகுப்புக்கு வந்தவர் ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தார். மூன்று பிள்ளைகள் அழுது, அதைத் தேற்றுவதிலேயே அவருடைய நேரம் போய்விட்டது.

கேள்வி நேரத்தில் பாதி கேள்வியாக இருக்காது. "எங்க வீட்ல நாய் இருக்கு" என்பார்கள். "அப்படியா? கரண்ட் போனா அது என்ன பண்ணும்?" என்று கேட்டால் பேச்சு திரும்பிவிடும். "கரண்ட் எங்க தூங்கும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் சிரித்துவிடாதீர்கள். இயங்குகிற எதற்கும் உயிர் உண்டு என்று நினைக்கிற வயது அது. சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். "கரண்டுக்குத் தூக்கமே கிடையாது, அதனாலதான் நாங்க ராத்திரியும் வேலை பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள்.

காக்கா கம்பியில் உட்காருகிறதே என்ற கேள்வி அநேகமாக வரும். "காக்கா ஒரே கம்பியை மட்டும் தொடுது. நாம தரையில நிக்கிறோம், அதனால நமக்கு ஷாக் அடிக்கும். கம்பி அறுந்து கிடந்தா தள்ளியே நின்னு பெரியவங்களைக் கூப்பிடணும்" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"அங்கிள், உங்களுக்கு ஷாக் அடிச்சிருக்கா?" என்றும் ஒரு பிள்ளை கேட்கும். பதில் சொல்லும்முன் உங்கள் மகளும் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்ட காயத்தையோ இழந்த நண்பரையோ அங்கே சொன்னால், நீங்கள் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் அவள் பயப்படுவாள். "அடிக்கக் கூடாதுன்னுதான் முதல்ல போன் பண்றேன், அப்புறம் கையுறை போடறேன்" என்பது உண்மையான பதில், அவளைத் தைரியமாக வைக்கிற பதிலும்கூட.

மொத்தம் 12 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். மீதி நேரம் ஹெல்மெட் கை மாறுவதிலேயே போகும். பிள்ளைகள் சிற்றுண்டி சாப்பிட்டு, பாத்ரூம் போய் வந்த பிறகு உள்ள நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

முந்தைய நாள் இரவு மகளிடம் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு நீங்கள் ஹெல்மெட் மாட்டிவிடும்போது அவளுக்கு முகம் சுருங்கலாம், வந்து காலைக் கட்டிக்கொள்ளலாம். அதனால் அவளுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். ஹெல்மெட்டை வாங்கி அடுத்த பிள்ளையிடம் கொடுக்கிற பொறுப்பு அவளுடையது என்று சொல்லி, வீட்டிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.