மொட்டு விரியும் நேரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 34 ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். உடல்நலத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் குறையில்லை. ஆனால் காலையில் கண் விழித்தால் நேற்றைய நாளே மறுபடியும் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. ‘சின்னச் சின்ன விஷயங்களில் மகிழ்ச்சி காணுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிக் காண்பது என்று ஒருவரும் சொல்வதில்லை.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில், இது உங்களிடம் உள்ள குறை என்று எண்ணிவிடாதீர்கள். எது கிடைத்தாலும் சில நாட்களில் அதற்குப் பழகிப்போவது மனத்தின் இயல்பு. அமெரிக்க உளவியலாளர் பிலிப் பிரிக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1978-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரைச் சாதாரண மக்கள் 22 பேருடன் ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. அதோடு, காலை உணவு உண்பது, நண்பரோடு பேசுவது, பத்திரிகை படிப்பது போன்ற அன்றாடச் செயல்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பெரிய நிகழ்ச்சி ஒன்று வந்து நம் நாட்களை நிரப்பிவிடும் என்று காத்திருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஆய்வு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,250 பேரிடம், எதிர்பாராத நேரங்களில் கைப்பேசி வழியாக, ‘இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. எந்த வேலையாக இருந்தாலும், மனம் வேறெங்கோ திரிந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. நீங்கள் கேட்ட ‘எப்படி’ என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். 34 ஆண்டுகள் கோப்புகள் உங்கள் மனத்தைப் பிடித்து வைத்திருந்தன. இப்போது அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

என் அம்மா பூக்கட்டும் விதத்தைச் சொல்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு உதிரி மல்லி 100 கிராம் வாங்குவார். விடியற்காலையில் பறித்த மொட்டு அப்போதும் மொட்டாகவே இருக்கும். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வார். இரண்டு மொட்டுகள் இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியுமாறு வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் எடுத்து மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி விழும். சற்று அதிகமாக இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். தளர்த்தினால் சரம் உதிர்ந்துவிடும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குக் காம்பு சற்று நீளம் என்பதால், கட்டுவதற்கு அதுவே வாகானது என்பார். இரண்டு முழம் கட்டி முடிக்கும்போது வெளிச்சம் குறையத் தொடங்கியிருக்கும். முதலில் கட்டிய மொட்டுகள் அவர் மடியிலேயே ஒவ்வொன்றாக வாய் திறக்கும். அந்த வாசனை கூடம்வரை வரும்போது, யாரும் அழைக்காமலே நாங்கள் அவர் அருகில் போய் உட்கார்ந்துவிடுவோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே வேலையைச் செய்தவர், அது சலித்துவிட்டது என்று ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் பூக்கட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது ஐம்பதாகியிருந்தது. இன்னும் முன்பே கற்றிருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.

நீங்களும் பூத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. கீரை ஆய்வதாக இருக்கலாம், மிதிவண்டியைத் துடைத்து எண்ணெய் விடுவதாக இருக்கலாம், தொட்டிச்செடிக்கு மண் கிளறுவதாகவும் இருக்கலாம். கையைக் கொஞ்சம் கவனமாக வைத்துக்கொள்ளாவிட்டால் கெட்டுவிடுகிற ஒரு வேலையைத் தேர்ந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்து பாருங்கள். இன்று மகிழ்ச்சி வந்ததா, வரவில்லையா என்று கணக்கு வைக்க வேண்டாம். ஆனால் உறக்கமும் பசியும் கெட்டு, இந்த வெறுமை வாரக்கணக்கில் நீடிக்குமானால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்; அது பூவும் கீரையும் தீர்க்கிற காரியம் அல்ல.

கேள்வி: அழகான எதைப் பார்த்தாலும் என் கை உடனே கைப்பேசிக்குப் போகிறது. படம் எடுப்பதால் அந்தக் கணத்தை இழக்கிறேனா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஓரளவு ஆம். அருங்காட்சியகம் ஒன்றில் நடத்தப்பட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வில், படம் எடுத்த பொருள்களை மாணவர்கள் குறைவாகவும், வெறுமனே பார்த்த பொருள்களை நன்றாகவும் நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை மட்டும் அருகில் இழுத்துப் படம் எடுத்தபோது நினைவு மங்கவில்லை. ஆகவே படமே வேண்டாம் என்று உங்களைத் தடுக்க மாட்டேன். தாமிரபரணிப் படித்துறையில் நின்றால், ஆறு முழுவதையும் எடுக்காமல், நனைந்த ஒரு படியை மட்டும் நின்று பார்த்து எடுங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. காலை நாலரை மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, சமைத்து, நான்கு பேருக்கு டிபன் டப்பா கட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறேன். கோலம் போடும் பத்து நிமிடம் மட்டும் எனக்குப் பிடித்த நேரம். உதவி கேட்டால், ‘சிறிய வேலைகளையும் ரசித்துச் செய்யக் கற்றுக்கொள்’ என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இதைப் படித்து வருந்தினேன். ரசனை என்ற நல்ல சொல்லைச் சுமையை மூடும் துணியாக ஆக்குவது தவறு. மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களையும் அவற்றில் செலவிட்டார்கள். அப்படி ஈடுபட்ட ஆண்களே 100-க்கு 26 பேர்தான்.

குறுந்தொகையின் 167-ஆம் பாடலில், புதிதாக இல்லறம் தொடங்கிய பெண் ஒருத்தி தயிரைப் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படியப் புளிக்குழம்பு வைக்கிறாள். இதைப் பாடிய புலவர் கூடலூர் கிழார் அவள் மகிழ்ச்சியை ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’ என்கிறார். மிக நுட்பமாக அவள் முகம் மலர்ந்ததாம். சிறிய மகிழ்ச்சிக்குத் தமிழில் இதைவிட நல்ல சொல்லை நான் அறியேன். ஆனால் அந்த மலர்ச்சி பிசைந்தபோதோ புகையில் நின்றபோதோ வரவில்லை. ‘இனிது’ என்று சொல்லிக் கணவன் உண்டபோதுதான் வந்தது. அவன் அவள் உழைப்பைக் கண்டுகொண்டான். உங்கள் கணவர் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். சகோதரரே, உங்கள் மனைவியின் சமையலை இனிது என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்?

வேலைகளைத் தாளில் எழுதி இருவரும் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். கோலத்தை மட்டும் பங்குக்கு வைக்காதீர்கள், அது உங்களுக்கே இருக்கட்டும். நாளைக் காலையிலிருந்து டிபன் டப்பாக்களை அவர் கட்டட்டும். அவர் கட்டி முடிக்கும்வரை நீங்கள் வாசலிலேயே இருக்கலாம். சிக்குக் கோலம் என்றால் பத்து நிமிடம் எப்படிப் போதும்?