மெண்டிப் பக்கம் திரும்பிய ஆன்டெனா

வணக்கம் ஐயா,

ஆறு வருடமாக வேல்ஸில், நியூபோர்ட்டில் இருக்கிறேன். வீட்டில் பிபிசி ஒன் வேல்ஸ்தான் ஓடும். நிகழ்ச்சிக்கு முன்னால் அறிவிப்பாளர் வெல்ஷில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். எங்கள் தெருவில் வெல்ஷ் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. எனக்கு இது வெறும் ஒப்புக்குச் செய்வதாகப் படுகிறது. வெல்ஷுக்கென்று எஸ்4சி என்று தனிச் சேனல் இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு? அந்தச் சேனலுக்காக ஒருவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்றாராம், அதுவும் மிகைதான். ரக்பி மைதானத்தில் கூடிப் பாடுகிறார்களே, அடையாளத்துக்கு அது போதாதா? மகளை அடுத்த செப்டம்பரில் பள்ளியில் சேர்க்க வேண்டும். வெல்ஷ் வழியா, ஆங்கில வழியா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., நியூபோர்ட்

அன்புள்ள க.,

ரக்பியை விடுங்கள். வருடத்தில் சில மதியங்களுக்கு மேல் யாரும் மைதானத்தில் வாழ்வதில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் அறிவிப்பாளர். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் வரும் அந்தக் குரலைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதை நீங்கள் ‘ஒப்புக்கு’ என்று எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது. உங்கள்மேல் பிரியம் உண்டு, அதனால் சொல்கிறேன். ஆறு வருடம் சோறு போட்ட ஊர் உங்களுக்கு வணக்கம் சொன்னால், அதைச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் நான் கார்டிஃபில் படித்தேன். கடற்கரை ஊரான பாரியில் ஒரு வயதான அம்மாள் வீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். சில மைல் தூரத்தில் வென்வோ ஒளிபரப்புக் கோபுரம். ஆனால் அந்த வீட்டுக் கூரையின் ஆன்டெனா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கும். பிரிஸ்டல் கால்வாய் என்னும் அந்தக் கடலைத் தாண்டி, இங்கிலாந்தின் சாமர்செட்டில் இருக்கும் மெண்டிப் கோபுரத்திலிருந்து அவருக்குப் படம் வரும். மாலையானால் பிரிஸ்டல் செய்தி. டான்டனில் எந்தச் சாலையைத் தோண்டியிருக்கிறார்கள், பிரிஸ்டல் நகரசபையில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பாரி துறைமுகத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும், கார்டிஃபிலிருந்து பேப்பர் வாங்கிவரும் என்னிடம் கேட்பார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது அந்தத் துறைமுகம்.

இது அவர் ஒருவரின் வினோதம் இல்லை. எஸ்4சி வருவதற்கு முன்னால் வெல்ஷ் நிகழ்ச்சிகளை பிபிசி வேல்ஸும் தனியார் சேனலான எச்டிவியும்தான் காட்டின. அதற்கு இடம் வேண்டுமே, ஆங்கில நிகழ்ச்சி ஒன்றைத் தள்ளிவைப்பார்கள், இல்லாவிட்டால் வெல்ஷை யாரும் பார்க்காத நேரத்தில் போடுவார்கள். இரண்டு தரப்புக்கும் எரிச்சல். தெற்குக் கரையில் எத்தனையோ வீடுகள் மெண்டிப் பக்கம் திரும்பின. வடக்கே லங்காஷயரின் விண்டர் ஹில் பக்கம் திரும்பின. அதற்கும் முன்னால், 1958ல் தொடங்கிய டிடபிள்யூடபிள்யூ என்ற தனியார் தொலைக்காட்சிக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தபோதே தெற்கு வேல்ஸையும் பிரிஸ்டலையும் ஒரே வட்டாரமாகக் கட்டிவிட்டார்கள். செயின்ட் ஹிலரியில் ஒரு கோபுரம், கால்வாயின் இரண்டு கரைக்கும் அதே படம். வெல்ஷ் நிகழ்ச்சி வந்தால் பிரிஸ்டல்காரர் முணுமுணுப்பார். ஒரு தேசத்தின் எல்லையை விளம்பர வருமானமும் கோபுரத்தின் வீச்சும் முடிவு செய்தன.

1982ல் எஸ்4சி வந்த பிறகு மற்ற சேனல்களில் வெல்ஷ் இல்லையே, ஆன்டெனாவைத் திருப்பிவிடலாமே என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். அவர் சட்டென்று சொன்ன பதில் இது: “எங்கம்மா கடவுள்கிட்ட வெல்ஷ்ல பேசுவா, எங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசுவா. எனக்கு அந்தப் பாஷையில ஒரு வேலையும் இல்ல.”

க., இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1588ல் வில்லியம் மோர்கனின் வெல்ஷ் பைபிள் வந்தது. பிரசங்க மேடையும் தோத்திரப் பாடலும் கிடைத்ததால்தான் அந்த மொழி அடுத்த பல தலைமுறைகளைத் தாண்டியது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் சேப்பல்கள், அதாவது அந்தச் சிறு தேவாலயங்கள், காலியாகத் தொடங்கின. 1911ல் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வெல்ஷ் பேசினார்கள், 1961ல் 26 பேர், 1981ல் 19 பேர். ஜெபத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த மொழி ஜெபிப்பவர்களோடு போய்விடும். நாளைக்கு மழை வருமா, அடுத்து என்ன படம், ஒளிபரப்பில் தடங்கல், மன்னிக்கவும் என்று அந்த மொழி சொல்ல வேண்டும். பெரிய விஷயங்களைச் சொல்ல எல்லா மொழிக்கும் கவிஞர்கள் இருக்கிறார்கள். சின்ன விஷயங்களைத் தினமும், அலுக்காமல், சாதாரணக் குரலில் சொல்ல அறிவிப்பாளர்தான் இருக்கிறார். அந்த அம்மாளின் சிறுவயதில் சமையலறை ரேடியோ வெல்ஷில் மழையைப் பற்றிச் சொல்லியிருந்தால் அந்த மொழியில் அவருக்கும் ஒரு வேலை இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

‘மிகை’ என்றீர்களே, அதற்கு வருகிறேன். 1979 தேர்தலில் வெல்ஷுக்குத் தனிச் சேனல் தருவதாக கன்சர்வேட்டிவ் கட்சி வாக்குக் கொடுத்தது. வென்று ஆட்சிக்கு வந்ததும் முடியாது என்றது. அந்த அக்டோபரில் மூன்று பேர் பென்கரெக் ஒளிபரப்புக் கோபுரத்துக்குள் புகுந்து அதை அணைத்தார்கள். ஒருவர் இறையியல் அறிஞர் பென்னர் டேவிஸ். இன்னொருவர் நெட் தாமஸ், எழுத்தாளர். மூன்றாமவர் மெரெடித் எவன்ஸ், அதே பிபிசி வேல்ஸில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்குத் தலைவராக இருந்தவர். டிவிக்கான உரிமக் கட்டணம் கட்ட மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் அறிவித்தார்கள். 1980 அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் தலைவர் க்வின்ஃபார் எவன்ஸ் தேதி குறித்தார். அப்போது அவருக்கு 67 வயது. செப்டம்பரிலேயே தாட்சர் அரசு இறங்கிவந்தது. அந்த அரசு பணிந்த இடங்கள் அதிகமில்லை. 1982 நவம்பர் 1 அன்று எஸ்4சி தொடங்கியது. சும்மா கிடைத்த சேனல் இல்லை, அதைப் பார்க்காமலே மிகை என்று சொல்லாதீர்கள்.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. வெல்ஷ் முழுவதும் ஒரே சேனலுக்குப் போனதால் மற்றவற்றிலிருந்து காலியாகிவிட்டது. எஸ்4சி பக்கம் போகாத ஒருவர் வேல்ஸிலேயே பிறந்து, வளர்ந்து, தன் நாட்டு மொழியைத் தன் வீட்டு டிவியில் கேட்காமலே இருந்துவிடலாம். உங்கள் தெருவைப் போன்ற தெருக்களில் அந்த மொழி வீட்டுக்குள் வர மிச்சமிருக்கும் வழி, நீங்கள் வீண் என்கிற அந்த ஒரு வணக்கம்தான். தனிச் சேனல் இருப்பதாலேயே அது தேவைப்படுகிறது. 2002ல் தனியார் சேனலான ஐடிவி என்ன செய்தது தெரியுமா? கிரனாடா, யார்க்‌ஷயர், ஆங்கிலியா என்று ஊர் ஊராக இருந்த பெயர்களை நிகழ்ச்சிகளுக்கு நடுவிலிருந்து எடுத்துவிட்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லாவற்றையும் ஐடிவி1 ஆக்கியது. எச்டிவி என்ற பெயரும் போனது. வேல்ஸில் மட்டும் சின்னத்துக்குக் கீழே நாட்டின் பெயர் நின்றது. அந்த ஒற்றைப் பெயர் தானாக நின்றதாக நான் நினைக்கவில்லை. பென்கரெக் கோபுரத்துக்குள் புகுந்தவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

சரி, மகளின் பள்ளி. வெல்ஷ் வழியில் சேருங்கள். நியூபோர்ட்டிலேயே இருக்கின்றன, அங்கே படிக்கும் பெரும்பாலான குழந்தைகளின் வீட்டில் ஆங்கிலம்தான், அவள் தனியாக நிற்கமாட்டாள். ஆங்கிலம் தெருவிலிருந்து தானாக வந்துவிடும், அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். தமிழ் உங்கள் பொறுப்பு, அதைப் பள்ளியின் தலையில் கட்டாதீர்கள். காலையில் எஸ்4சியில் சின்னக் குழந்தைகளுக்கான ‘கியூ’ (Cyw) என்ற நிகழ்ச்சிகள் வரும். இப்போதிலிருந்தே போட்டுவிடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.