சர்க்கரை மண்டையோடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவின் இறந்தோர் நாள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, மகளின் பள்ளிக் கண்காட்சிக்காகச் அந்த விழாவுக்குரிய சர்க்கரை மண்டையோடு செய்தேன். இரண்டு மண்டைகள் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு மூக்கு பிய்ந்து வந்தன. ஒன்று நன்றாக விழுந்தது. மறுநாள் காலையில் தட்டில் பிசுபிசுவென்று உட்கார்ந்திருந்தது. எங்கே பிசகு? இன்னொரு விஷயம், அந்த மண்டையின் நெற்றியில் மகள் பெயரை எழுதினேன். மாமியார் பதறிவிட்டார். அங்கே உயிரோடு இருப்பவர் பெயரை எழுதுவார்களா?

கவிதா, சென்னை

அன்புள்ள கவிதா,

பாதிப் பிசகு நவம்பர் மாதத்துடையது. இந்த மண்டையோடுகளுக்குப் பேர்போன மெக்சிகோவின் டொலூக்கா, கடல்மட்டத்துக்கு மேல் 2,600 மீட்டரைத் தாண்டிய ஊர். அங்கே அக்டோபர் கடைசியில் மழை ஓய்ந்து காற்று காயத் தொடங்கும். சென்னையில் அப்போதுதான் அடைமழை. சர்க்கரை ஈரத்தை இழுக்கும். மழை நாளில் இதைத் தொடவே வேண்டாம். அவசரமென்றால் ஏசி அறையில் செய்யுங்கள்.

மூக்கு பிய்ந்தது தண்ணீரால். அளவு இதுதான்: 200 கிராம் சர்க்கரைக்கு ஒரு டீஸ்பூன் மெரிங் பவுடர் (உலர்த்திய முட்டை வெள்ளைக்கரு கலந்த பொடி), ஒரு டீஸ்பூன் தண்ணீர். அவ்வளவே. பவுடரைச் சர்க்கரையில் கலந்த பிறகு தண்ணீரைத் தெளித்து, கட்டியில்லாமல் கையால் பிசிறுங்கள். நம் ஊர்ச் சர்க்கரை பருமணி; மிக்சியில் ஒரே ஒரு சுற்று விடலாம், மாவாகிவிடக் கூடாது. பிடித்தால் விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும். உதிர்ந்தால் சில சொட்டு நீர். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சர்க்கரை. அச்சில் அழுத்தி நிரப்பி, மேலே அட்டையை வைத்து இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்து, உடனே அச்சைத் தூக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் தட்டு கூடாது, அடியில் ஈரம் தங்கிவிடும். நாலைந்து மண்டைக்கு ஒருமுறை அச்சைக் கழுவித் துடையுங்கள். பழைய சர்க்கரை படிந்த இடத்தில்தான் அடுத்த மூக்கு மாட்டும்.

பெரிய மண்டையென்றால் நாலைந்து மணி நேரம் காய்ந்ததும் உள்ளே ஸ்பூனால் குடைந்து, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான சுவரை விடுங்கள். குடையாவிட்டால் வெளியே ஓடு இறுகி உள்ளே ஈரம் நிற்கும். பிறகு ஒரு முழு நாள் காயட்டும். முன்பாதியையும் பின்பாதியையும் ராயல் ஐசிங்கால், அதாவது பொடித்த சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்த பசையால், ஒட்ட வேண்டும்.

டொலூக்கா கைவினைஞர்கள் இப்படிச் செய்வதில்லை. அவர்களுடையது பாகு வேலை. எலுமிச்சை பிழிந்த பாகைக் காய்ச்சி, மரக்கரண்டியால் சட்டியின் ஓரத்தில் தேய்த்து வெளுக்கவைத்து, தண்ணீரில் ஊறிய இரட்டை மண் அச்சில் ஊற்றுவார்கள். ஓரம் இறுகியதும் அச்சைக் கவிழ்த்து நடுப்பாகைத் திரும்பச் சட்டிக்கே வடிப்பார்கள். உள்ளே கூடாக, மெல்லிய ஓடு மிஞ்சும். எலுமிச்சை கூடிப்போனால் இறுகாது, பிசுபிசுப்பும் போகாது. அனுபவமில்லாத கை அந்தச் சூட்டில் இறங்க வேண்டாம்.

பெயர் விஷயம். தாராளமாக எழுதுவார்கள். நவம்பர் 1 குழந்தை ஆவிகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. படையல் மேடையில் வைக்கும் மண்டைக்கு இறந்தவர் பெயர். அதே கடையில் நண்பன் பெயர் போட்டதையும் வாங்கி அவன் கையிலேயே கொடுப்பார்கள். அது பிரியமும் கேலியும் கலந்த பரிசு. அந்த நாட்களில் உயிரோடிருக்கும் அரசியல்வாதிகள் செத்துப்போனதாகவே வைத்துப் பத்திரிகைகளில் கிண்டல் பாட்டு எழுதுவார்கள். அதற்கும் ‘கலாவேரா’, மண்டையோடு என்றுதான் பெயர். 1913இல் இறந்த மெக்சிகோ செதுக்கோவியர் பொசாதா செதுக்கிய, இறகுத் தொப்பி அணிந்த எலும்புச் சீமாட்டியும் ஐரோப்பியப் பகட்டைக் கேலி செய்யப் பிறந்தவள்தான்.

இதை அப்படியே, ஸ்பானியர்களுக்கு முன் அங்கே ஆண்ட ஆஸ்டெக் மக்களின் வழக்கம் என்று கண்காட்சி அட்டையில் எழுதிவிடாதீர்கள். அவர்களிடம் மண்டையோட்டு அடுக்குகள் இருந்தன, கரும்பு இல்லை. அது ஸ்பானியர்களோடு வந்தது. சர்க்கரை உருவங்களுக்கு அங்கே ‘அல்ஃபெஞிக்கே’ என்று பெயர். சமஸ்கிருதத்தில் கரும்புப்பாகைக் குறித்த ‘பாணித’ பாரசீகம், அரபு வழியே ஸ்பெயின் போய் இப்படித் திரிந்தது. மாமியாரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். பெயரை மட்டும், அவர் கேட்டால், அழித்துவிடுங்கள்.