கேம் சீராக ஓடுகிறது, ரெக்கார்டிங் மட்டும் ஏன் திக்குகிறது?

கேள்வி: ஓபிஎஸ்ஸில் (லைவ் போடவும் திரையை ரெக்கார்ட் செய்யவும் உதவும் மென்பொருள்) கேம் லைவ் போடுகிறேன். என் திரையில் கேம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் லைவும் சரி, கூடவே ரெக்கார்ட் ஆகும் வீடியோவும் சரி, விட்டு விட்டு ஓடுகிறது. பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டாவின் அளவு) 6000-லிருந்து 2500-க்குக் குறைத்தும் பலனில்லை. புது கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள், பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ரெக்கார்டிங் இணையம் பக்கமே போவதில்லை, நேராக டிஸ்க்கில் போய் எழுதப்படுகிறது. அதுவும் திக்குகிறது என்றால் கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளேதான். பிட்ரேட்டைக் குறைத்ததில் படம் மங்கியதுதான் மிச்சம், பழையபடியே வைத்துவிடுங்கள்.

இப்போது ஓபிஎஸ்ஸில் வியூ மெனுவுக்குப் போய் ஸ்டாட்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, கேமில் நல்ல பரபரப்பான கட்டத்தில் சில நிமிடங்கள் ஆடுங்கள். ரெண்டரிங் லேக் (படத்தை வரைவதில் தாமதம்), என்கோடிங் லேக் (வரைந்ததை வீடியோவாகச் சுருக்குவதில் தாமதம்), நெட்வொர்க்கில் டிராப் ஆன ஃப்ரேம் (இணையத்தில் அனுப்ப முடியாமல் விடுபட்ட படம்) என்று மூன்று கணக்கு தனித்தனியாகக் காட்டும். எது ஏறுகிறதோ அதற்கு மட்டும்தான் வைத்தியம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு ரெண்டரிங் மேல்தான் சந்தேகம். கேம் கிராபிக்ஸ் கார்டை நூறு சதவீதம் விழுங்கிவிடுகிறது, அதே கார்டில்தான் ஓபிஎஸ்ஸும் உங்கள் சீனை (பார்ப்பவர்களுக்குப் போகும் மொத்தக் காட்சி) வரைந்தாக வேண்டும், அதற்கு இடமே கிடைப்பதில்லை. அதனால்தான் உங்களுக்குக் கேம் சீராகத் தெரிகிறது, பார்ப்பவர்களுக்குத் திக்குகிறது. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் கேம் 150 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 150 ஃப்ரேம்) ஓடிப் பெரிதாக என்ன ஆகப்போகிறது? கேம் செட்டிங்ஸிலேயே 60-க்கு வரம்பு போடுங்கள். அப்புறம், விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் ஓபிஎஸ்ஸை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள், அப்படித் திறந்தால் கிராபிக்ஸ் கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். சீனில் அலங்காரத்துக்காக வைத்திருக்கும் பிரவுசர் சோர்ஸ்களையும் (சீனுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டுபவை) ஒரு முறை நீக்கிப் பாருங்கள்.

என்கோடிங் லேக் ஏறினால் கதை வேறு. எக்ஸ்264 என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் நிரல்) முழுக்க சிபியுவை நம்பி ஓடுவது, கேமுக்கும் அதே சிபியுதான். என்விடியா கார்டு இருந்தால் என்வென்க், இன்டெல் கிராபிக்ஸ் என்றால் குவிக் சின்க், ரேடியான் என்றால் ஏஎம்டியின் என்கோடர் என்று மாற்றுங்கள். இந்த வேலைக்கென்றே சிப்பில் தனிச் சுற்று இருப்பதால் சிபியுவுக்குச் சுமை வெகுவாகக் குறையும். எதுவும் இல்லையா, எக்ஸ்264-லேயே பிரீசெட்டை (சுருக்கும் வேகத்துக்கான அமைப்பு) வெரிஃபாஸ்ட்டிலிருந்து சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு இறக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அவுட்புட் ரெசல்யூஷனை 720பி ஆக்குங்கள். 1080பி-யில் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 720பி-யில் 9.2 லட்சம்தான், அதாவது பாதிக்கும் குறைவு. தரம் போய்விடுமே என்று பலர் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால் திக்கும் 1080பி-யை விட வழுக்கிக்கொண்டு ஓடும் 720பி எவ்வளவோ மேல்.

நெட்வொர்க் கணக்கு ஏறுவது உங்கள் பிரச்சினை இல்லை. பின்னால் எப்போதாவது வந்தால் வைஃபையை விட்டு கேபிளுக்கு மாறுங்கள், பிட்ரேட்டில் கை வைப்பது அப்போதுதான்.

மூன்றும் பூஜ்யத்திலேயே நின்று வீடியோ மட்டும் திக்குகிறதா? டிஸ்ப்ளே கேப்சர் (முழுத் திரையையும் பிடிப்பது) வைத்திருந்தால் கேம் கேப்சருக்கு (கேமை மட்டும் பிடிப்பது) மாற்றுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள், பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் வேகம் நன்றாகவே குறையும்). அதே ஃபைலை வேறொரு பிளேயரிலும் ஓட்டிப் பாருங்கள், சில சமயம் தவறு பிளேயருடையது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஸ்டாட்ஸில் ரீசெட் அழுத்திவிட்டு மறுபடி ஆடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஹெல்ப் மெனுவில் இருக்கும் லாக் ஃபைலையும் (ஓபிஎஸ் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் பதிவு) அந்த மூன்று எண்களையும் சேர்த்து அனுப்புங்கள்.