ரத்து செய்தவர்களும் போய் வந்தவர்களும்

பயண ஏற்பாட்டு அலுவலகம் ஒன்றில் 26 ஆண்டுகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த வாரக் கேள்விகள் எல்லாம் பயத்தைப் பற்றியே வந்திருக்கின்றன.

கேள்வி: இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்து ஒரு சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்தோம். போகவிருக்கும் நாட்டின் வேறொரு மூலையில் போன வாரம் தாக்குதல் நடந்துவிட்டது. போகலாம் என்கிறார் கணவர், வேண்டாம் என்கிறேன் நான். நான் கோழையா?

பதில்: இல்லை அம்மா. உங்கள் கணவரும் முரடர் இல்லை. இந்தச் சண்டை என் மேசைக்கு எதிரிலேயே பலமுறை நடந்திருக்கிறது. நான்கு பேர் வந்திருந்தால் மூன்று பேர் தைரியமாகப் பேசுவார்கள். நான்காமவர் வாயே திறக்காமல் கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருப்பார். நான் மூவரின் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே அந்த ஜிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்படியும் கடைசியில் அவர் நினைப்பதுதான் நடக்கும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: வரைபடத்தை எடுத்துத் தூரத்தை அளந்து பாருங்கள். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, கண்டத்தின் மறுகரையில் இருக்கும் கென்யாவுக்கும் தான்சானியாவுக்குமான சஃபாரிப் பயணங்களை மக்கள் ரத்து செய்தார்கள். எபோலா பரவிய லைபீரியாவின் மன்ரோவியாவிலிருந்து கென்யாவின் நைரோபி 5,000 கிலோமீட்டருக்கு மேல். ஸ்பெயினின் மாட்ரிட்டோ 4,000-க்கும் குறைவு. அந்தப் பரவலில் கென்யாவில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. மாட்ரிட்டில் ஒரு செவிலியருக்கு வந்தது. 'ஆப்பிரிக்கா' என்ற ஒரே சொல் அத்தனை நாடுகளையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

அடுத்து, தாக்கியவர்களின் குறி யார் என்று பாருங்கள். ஓர் அரசியல் ஊர்வலத்தில் நடந்த வன்முறையும், 1997 நவம்பரில் எகிப்தின் லக்சரில் கோயில் பார்க்க வந்த பயணிகளையே சுட்டுக் கொன்றதும் உங்களுக்கு ஒரே வகை ஆபத்து அல்ல. இரண்டாவது வகை என்றால் உங்கள் பக்கம்தான் நான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வயிற்றில் கலக்கம் இருந்தால் போகாதீர்கள். விடுமுறை ஒன்றும் வீரப் பரீட்சை இல்லை. ரத்து செய்வதற்கு முன் தேதியையோ ஊரையோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பதற்றமான வாரத்தில் வாடிக்கையாளரை இழக்க எந்த விடுதியும் விரும்பாது. வாய்விட்டுக் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: குண்டு வெடித்த இடத்துக்கு மக்கள் மறுபடி போகிறார்களே, அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுமா?

பதில்: ஒருமுறை நடந்தால் மறக்கும். இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மே மாதம் வந்த வெளிநாட்டுப் பயணிகள் முந்தைய மே மாதத்தைவிடச் சுமார் 70 சதவீதம் குறைவு. அதே ஆண்டு டிசம்பரில் எண்ணிக்கை ஏறத்தாழ பழைய நிலைக்கு வந்துவிட்டது.

அடுத்தடுத்து நடந்தால் கதை வேறு. வட ஆப்பிரிக்காவின் துனிசியாவில் 2015 மார்ச்சில் பார்டோ அருங்காட்சியகத்தில் துப்பாக்கிச் சூடு. ஜூனில் சூஸ் கடற்கரையில் 38 பேர் பலி. முதலாவதை விபத்து போல நினைத்துக் கடந்தவர்கள் இரண்டாவதுக்குப் பிறகு, 'அங்கே இப்படித்தான்' என்று முடிவுகட்டிவிட்டார்கள். பிரிட்டன் அரசு தன் மக்களைத் திரும்பி வரச் சொன்னது. அந்த அறிவுரையைத் தளர்த்த 2017 ஜூலை வரை ஆயிற்று.

கேள்வி: அரசுகள் வெளியிடும் பயண எச்சரிக்கைகளை நம்பலாமா?

பதில்: முழுதாகப் படித்தால் நம்பலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் நாடுகளை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. 'கூடுதல் கவனம் தேவை' என்னும் இரண்டாம் படியில் பிரான்சும் ஜெர்மனியும்கூட இருந்திருக்கின்றன. படியின் எண்ணை மட்டும் பார்த்தால் பாரிஸுக்கே போக முடியாது. கீழே எந்த மாவட்டம், எந்த எல்லைப் பகுதி என்று பிரித்து எழுதியிருப்பார்கள், அதுதான் விஷயம். காப்பீட்டுப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போக வேண்டாம் என்று உங்கள் அரசு சொன்ன இடத்துக்குப் போனால் இழப்பீடு கிடையாது என்று பல பத்திரங்களில் பொடி எழுத்தில் இருக்கும்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். எந்த ஊர் பாதுகாப்பானது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: என்னிடம் தனியாகப் பயணம் கேட்டு வந்த பெண்கள் பயங்கரவாதத்தைப் பற்றி அபூர்வமாகத்தான் கேட்டார்கள். வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? நிலையத்திலிருந்து விடுதிக்கு நடக்கும் வழியில் விளக்கு உண்டா? அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? ஒருவர் இரவு 11 மணிக்குச் சேரும் ரயிலை விட்டுவிட்டு, அதிகக் கட்டணம் கொடுத்துப் பகல் ரயிலில் இடம் பிடித்தார். 'ஊர் நல்ல ஊர்தான், நேரம்தான் சரியில்லை' என்றார். ஊரைத் தேடுவதற்கு முன் நேர அட்டவணையைப் பாருங்கள்.

கேள்வி: நீங்கள் பயணத்தில் ஆபத்தில் சிக்கியதுண்டா?

பதில்: உண்டு. எச்சரிக்கை அறிவிப்புகளை ஒரு வாரம் அலசி, கலவரம் நடந்த ஊரைத் தவிர்த்து, அமைதியான ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுத்தேன். போன முதல் நாள் விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மிதியடி கதவுக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது; அதை விழுந்து கிடந்தபோதுதான் பார்த்தேன்.

கேள்வி: உலகிலேயே பாதுகாப்பான நாடு எது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: உலக அமைதிக் குறியீட்டில் 2008 முதல் ஐஸ்லாந்துதான் முதலிடம், ஆனால் அங்கே ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கரையில் அலைக்கு முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் வரும் பேரலை அங்கே பயணிகளைக் கொண்டுபோயிருக்கிறது.